நம்ம ஏரியா மூத்த நிருபருக்கு பாராட்டு விழா எடுக்கிறது எப்படி

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் காலமெல்லாம் பேப்பர்ல எழுதி ரிட்டயர் ஆன நிருபர் உங்க தெருவுல இருந்தா, சால்வை மாலையோட நிறுத்தாதீங்க, முதல்ல அவர் எழுதினதை தேடுங்க. பழைய தமிழ் பேப்பர்ல நிறைய செய்தி "நமது நிருபர்"னு தான் வந்திருக்கும், பேரே இருக்காது, அதனால அவர் பக்கத்துல உக்காந்து எது நீங்க எழுதினது சார், எந்த வருஷம்னு கேட்டு குறிச்சுக்கிட்டு எழும்பூர் கன்னிமாரா லைப்ரரிக்கு போங்க, 1896ல திறந்தது, நாட்டுல வெளியாகுற புத்தகம் பேப்பர் எல்லாம் சட்டப்படி அங்க ஒரு காப்பி போகணும்.

வீட்டுல கட்டிங் இருந்தா ஒரிஜினலை லேமினேட் பண்ணிடாதீங்க ப்ளீஸ். அந்த காகிதத்துல லிக்னின்னு மரத்துல இருந்து வர்ற ஒரு பொருள் இருக்கு, லேமினேட் போட்டாலும் வெளிச்சம் பட்டா மஞ்சளாகி பொடிஞ்சிடும், ஸ்கேன் எடுத்து பிரிண்ட்டை ஃப்ரேம் போடுங்க, ஓரத்துல அவர் பேனாவுல எழுதின தேதியும் தெரியணும்.

மேடையில கவுன்சிலர் பேசட்டும், சுருக்கமா. அவர் செய்தி போட்டதால தண்ணி லாரி வந்த தெருக்காரங்க, காசிமேட்டுல வலை பின்னுறவங்க, இவங்க கையில தான் மைக் போகணும், அதான் உண்மையான மரியாதை. வீட்டம்மாவையும் மேடையில உக்கார வைங்க, நைட் டூட்டி முடிச்சு வந்தவருக்கு கதவு திறந்து சோறு போட்டது அவங்க தானே.

அரசு பத்திரிகையாளர் ஓய்வூதியம் இன்னும் வாங்கலன்னா, தகுதி இருக்கான்னு பாத்து விண்ணப்பம் போட்டுக் குடுங்க.

தேதிக்கு நவம்பர் 16 நல்லது, தேசிய பத்திரிகை தினம், 1966ல பத்திரிகைகளோட சுதந்திரத்தையும் தரத்தையும் பாத்துக்கிற இந்திய பிரஸ் கவுன்சில் வேலையை ஆரம்பிச்ச நாள். மழைக்காலம், பந்தலை நம்பாம ஹால் புக் பண்ணிடுங்க.