சுவரை இடிக்கும் முன் தரையில் கோடு போடுங்கள்

சமையலறையை மாற்றியமைக்க நினைப்பவர்கள் டைல்ஸ், அலமாரி நிறம் என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன், ஒருநாள் முழுக்க வீட்டில் யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்பும்போது பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்களா? முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள் இருந்தால் கால் வலிக்காது. வீட்டாரின் நடைவழி இந்த முக்கோணத்தை வெட்டக் கூடாது. ஃபிரிட்ஜை உணவறைப் பக்கம் ஓரமாக நகர்த்துங்கள். தண்ணீர் எடுக்க வருகிறவர் சமைப்பவரை இடிக்காமல் போய்விடுவார். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே ஒருவர் சமைக்க 42 அங்குலம், இருவர் சமைக்க 48 அங்குலம் வேண்டும். இதையெல்லாம் சுண்ணக்கட்டியால் தரையில் உண்மை அளவிலேயே வரைந்து, ஃபிரிட்ஜ் கதவும் இழுப்பறைகளும் திறக்கும் தூரத்தையும் குறித்து, இரண்டு நாள் நடந்து பாருங்கள். தாளில் தெரியாத இடைஞ்சல் காலில் தெரியும்.

தொட்டியை வெகுதூரம் நகர்த்தினால் கழிவுநீர்க் குழாயும் கூடவே நகர வேண்டும், செலவு ஏறும். சமையலறைக்கும் உணவறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுக்க ஆசைப்பட்டால், அது பாரம் தாங்கும் சுவரா என்று கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். பல வீடுகளில், உணவைப் பரிமாறும் அளவுக்குச் சுவரில் ஒரு திறப்பே போதும்.