ஷவர் உப்பு: கழற்றும்போதுதான் காசு போகிறது

போன வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் பிளம்பிங் வேலை. என்னோடு புதிதாகச் சேர்ந்த பையன், உப்பு அடைத்துக் கிடந்த ஷவரைப் பார்த்த உடனே பைப் ரென்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டான். "டேய், நில்லு!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார். பையன்மேல் தப்பில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன், எனக்கு முன்னால் நின்று தடுக்க யாரும் இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் குளிக்கிற வீட்டில் ஷவர் அடைப்பது சகஜம். ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க வந்தாலும் குளிக்க, துவைக்க பல வீடுகளில் இன்னும் போர்தான். பாறை இடுக்கிலிருந்து கரைந்து வருகிற கால்சியமும் மெக்னீசியமும்தான் அந்த வெள்ளைப் படிவு. கீசர் வைத்த வீட்டில் இன்னும் சீக்கிரம் படியும், ஏனென்றால் தண்ணீர் சூடேறும்போது கரைந்திருக்கிற பைகார்பனேட், கரையாத கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. அதை எடுக்கும்போது நடக்கிற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆர்மைப் பிடிக்காமல் ஷவரைத் திருகுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். உப்பு, துளைகளில் மட்டும் படிவதில்லை. ஷவரும், சுவரிலிருந்து நீண்டு அதைத் தாங்குகிற குழாயான ஆர்மும் சேரும் மரையிலும் இறங்கி இறுகிவிடுகிறது. அந்த நிலையில் ரென்ச் போட்டு இழுத்தால் ஷவர் தனியாகச் சுற்றாது, ஆர்மையும் இழுத்துக்கொண்டு சுற்றும். ஆர்மின் மறுமுனை சுவருக்குள் எல்போவில், அதாவது குழாய் வளைகிற இணைப்பில், மரையேறி இருக்கிறது. அது கால் சுற்று திரும்பினாலே கசியாமல் இருக்க உள்ளே சுற்றிய டெஃப்லான் டேப்பின் பிடி போய்விடும். பழைய பிளாஸ்டிக் எல்போவாக இருந்தால் விரிசலே விடும். அப்புறம் "ஆர்ம் கோணலாகிவிட்டதே" என்று பழைய இடத்துக்குத் திருப்பி நிறுத்துவோம். வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும்.

கசிவு உடனே தெரியாது. அந்த எல்போ வால்வுக்கு அப்புறம் இருப்பதால், குளிக்கிற பத்து நிமிடம் மட்டும்தான் அங்கே தண்ணீர் வரும், அந்த நேரத்தில் மட்டும் சுவருக்குள் இறங்கும். நான் அப்படித் திருகிவிட்டு வந்தது காரிமங்கலத்தில் ஒரு வீடு. நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். குளியலறைக்குப் பின்பக்கம் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பி, கையை வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. ஐந்து டைல்ஸ் உடைத்தோம், எல்போ மாற்றினோம், அதே டிசைன் டைல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. 300 ரூபாய் ஷவருக்காக 11,000 ரூபாய் செலவு. பாதியை நான் கொடுத்தேன், கொடுக்கவேண்டியதுதான்.

எப்படிச் செய்யவேண்டும்? முதலில் ஊறவைக்கவேண்டும். பழைய துணியை வினிகரில் நனைத்து, ஷவரின் நட்டைச் சுற்றி அரை மணி நேரம் கட்டிவையுங்கள். பிறகு ஆர்மில் துணி சுற்றி ஒரு கையாலோ ஒரு ரென்ச்சாலோ அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பானரால் நட்டை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். வரவில்லையா, இன்னும் அரை மணி நேரம் ஊறட்டும். அப்போதும் வராவிட்டால் கழற்றவே வேண்டாம்: பாலித்தீன் பையில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி, ஷவர் முகம் முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் மாட்டியிருந்தபடியே உப்பு இளகும். பாலக்கோட்டில் அந்தப் பையன் இரண்டாவது தடவை ஊறவைத்த பிறகு ஷவர் அவன் கையோடு வந்துவிட்டது, ஆர்ம் துளிகூட அசையவில்லை.

பாத்ரூம் ஆசிட்

வேண்டாம். குரோம் பூச்சு போய்விடும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ராத்திரி முழுக்க ஊறவைப்பது

வினிகரும் அமிலம்தான். குரோம் பூச்சு உள்ள ஷவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் எடுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, தேவைப்பட்டால் மறுபடி ஊறவையுங்கள். எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் ஆசிட்) நன்றாக வேலை செய்யும்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. நுரை பொங்கினால் பயப்படாதீர்கள், சுண்ணாம்பு கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

புளியில் ஊறவைப்பது

நம் ஊரில் புளிக்குப் பஞ்சமில்லை, பித்தளைக் குடத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஷவரைப் புளிக்கரைசலில் போட்டால் நாரும் சக்கையும் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஊசியால் குத்துவது

துளை பெரிதாகும், தண்ணீர் சுவரைப் பார்த்து அடிக்கும். ரப்பர் முனை வைத்த ஷவராக இருந்தால் கட்டைவிரலால் நெருடினாலே உப்பு உதிரும்.

உள்ளே இருக்கிற வலையை மறப்பது

ஷவரின் கழுத்தில் வாஷரோடு சின்ன வலை ஒன்று இருக்கும், சில மாடலில் இருக்காது. துளையெல்லாம் பளிச்சென்று இருந்தும் தண்ணீர் மெலிதாக வந்தால் போர் மணல் அந்த வலையில்தான் நிற்கும்.

வெள்ளைப் படிவை ஃபுளோரைடு என்று நினைப்பது

போர் தண்ணீரில் ஃபுளோரைடு பிரச்சினை இருக்கிற நம் மாவட்டத்தில் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாது. ஷவரில் உப்பே படியவில்லை என்பதற்காக அந்தப் போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவே கூடாது. கொதிக்கவைத்தாலும் போகாது.

அப்படியே திருப்பி மாட்டுவது

மாட்டுவதற்கு முன் வால்வைத் திறந்து வெறும் ஆர்மிலிருந்து அரை வாளி தண்ணீர் ஓடட்டும், குழாயில் உதிர்ந்த துகள் வெளியே வந்துவிடும். பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றி, ஷவரைக் கையாலேயே முறுக்குங்கள். ஆர்ம் சுவருக்குள் போகிற இடத்தில் இருக்கிற வட்டத் தகட்டை முன்னால் இழுத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஷவரை ஓடவிட்டு, காய்ந்த செய்தித்தாள் துண்டை அந்த இடுக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். தாள் நனையாமல் இருந்தால்தான் பையை எடுப்பேன்.