சுக்கான் யார் கையில்? சோடியாகக் கட்டமரான் ஓட்டுகிறவர்கள் விடும் தவறுகள்

பாசிக்குடாவில் எங்கள் படகை மணலில் ஏற்றி வைத்திருக்கும்போது பக்கத்தில் வந்து பேசுகிறவர்கள் எல்லோரும் என் கணவரிடம்தான் கேட்பார்கள், "அண்ணன், இதை ஓட்டுறது கஷ்டமா?" என்று. அவர் என்னைக் காட்டுவார். சுக்கான் பிடிப்பது நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சோடியாகப் பாய்ப்படகு ஓட்ட வருகிறவர்களின் முதல் தவறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆண் சுக்கானில், பெண் முன்பாயில் என்று யாரும் யோசிக்காமலே கரையில் வைத்தே முடிவாகிவிடுகிறது.

நாங்கள் வைத்திருப்பது பழைய ஹோபி 16. ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், எடை 145 கிலோ அளவில். இரண்டு ஒல்லித் தோணிகள், நடுவில் நாம் இருப்பதற்கு இழுத்துக் கட்டிய ட்ரம்போலின் துணி, அவ்வளவுதான். அடியில் பாரமும் இல்லை, தண்ணீருக்குள் இறக்கும் பலகையும் இல்லை, காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது அதைத் தாங்கிப் பிடிப்பது நம் இரண்டு பேரின் உடம்பு மட்டும்தான். பாய்மரத்தின் மேலிருந்து தொங்கும் ட்ரபீஸ் கம்பியில் இடுப்பை மாட்டி, தோணியின் விளிம்பில் காலை ஊன்றி, தண்ணீருக்கு மேலே சாய்ந்து நிற்கிறவர் எவ்வளவு உயரமும் பாரமுமோ அவ்வளவுக்குப் படகு நிமிரும். என் கணவர் 82 கிலோ, நான் 54. அவர் கம்பியில் தொங்க நான் உள்ளே இருந்து சுக்கானைப் பிடிப்பதுதான் கணக்குக்குச் சரி என்பது எங்களுக்குப் புரியவே ஒரு முழுப் பருவம் போனது. அந்த ஒரு வருடம் முழுக்க நான் கம்பியில் காற்றாடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன், படகு சாய்ந்தபடியே ஓடியது. ஒலிம்பிக்கில் 2016 முதல் இருக்கும் நக்ரா 17 வகைக் கட்டமரானில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஏற வேண்டும் என்பது விதி, ஆனால் யார் சுக்கான் பிடிக்க வேண்டும் என்று விதி எதுவும் சொல்வதில்லை. நீங்களும் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். ஒருமுறை முடிவெடுத்தால் அந்தப் பருவம் முழுக்க மாற்றாதீர்கள்.

அடுத்தது பேச்சு. காற்றில் ஐந்து அடி தூரத்தில் இருப்பவருக்குச் சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும், சத்தமாகச் சொன்னால் அது ஏச்சு மாதிரி இருக்கும், ஏச்சு மாதிரி இருந்தால் கரைக்கு வந்த பிறகும் அது போகாது. கடலில் வைத்து ஒரு விஷயத்தை விளக்க முயல்வதே தவறு. நாங்கள் எங்கள் பேச்சைச் சுருக்கிவிட்டோம். காற்றுக்கு ஊடாகப் படகைத் திருப்பும்போது நான் "கிறுகுவமா?" என்பேன், அவர் கயிறு தயாராக இருந்தால் "ஓம்" என்பார், நான் "கிறுகிறன்" என்று சொல்லிச் சுக்கானைத் தள்ளுவேன். "ஓம்" வராவிட்டால் கிறுகக்கூடாது. காற்று கூடினால் அவர் "வருது" என்பார். வேறு சொற்கள் மிகக் குறைவு. இந்தச் சொற்களைக் கரையில், படகை மணலில் வைத்தபடியே, நாலைந்து முறை சொல்லி உடம்பை அசைத்துப் பழகுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

கிறுகுவதைப் பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் கட்டமரானில் புதியவர்கள் மனம் உடைவது இங்கேதான். இரண்டு நீளத் தோணிகள் என்பதால் இது ஒற்றைத் தோணிப் படகு போலச் சட்டென்று திரும்பாது. சுக்கானை ஒரேயடியாகத் தள்ளினால் அது தடுப்பாக மாறி, படகு காற்றுக்கு நேரே மூக்கை நீட்டியபடி நின்றுவிடும். நல்ல வேகத்தோடு காற்றை நெருங்கிப் போய், சுக்கானை மெதுவாகத் தொடங்கிப் பிறகு கூட்ட வேண்டும், மூக்கு காற்றுக்கு நேராக வரும்போது பெரிய பாயின் கயிற்றை ஒரு கை அளவு இளக்க வேண்டும். முன்பாயை மட்டும் அப்போது விடக்கூடாது. "கிறுகிறன்" என்று கேட்ட உடனேயே முன்பாய்க் கயிற்றைக் கழற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது பழைய பக்கத்திலேயே பிடிபட்டு நின்றால் காற்று அதன் முதுகில் அடித்து மூக்கைப் புதுப்பக்கம் தள்ளிக்கொடுக்கும், மூக்கு தாண்டிய பிறகு விட்டால் போதும். அப்படியும் நின்றுவிட்டால் பதறவேண்டாம். படகு பின்னோக்கி நகரத் தொடங்கும், அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

எங்கே உட்காருவது என்பதிலும் பலர் கவனம் வைப்பதில்லை. காற்று பக்கவாட்டில் பலமாக அடிக்கும்போது ஹோபி 16-இன் ஒல்லியான முன்மூக்கு தண்ணீருக்குள் குத்தும், படகு அங்கேயே நின்றுவிடும், கம்பியில் தொங்குகிறவர் மட்டும் வந்த வேகத்திலேயே முன்னால் பறந்து போவார், மறுகா படகும் குட்டிக்கரணம் அடிக்கும். அந்த ஓட்டத்தில் இரண்டு பேரும் பின்னால் போய் ஒருவரை ஒருவர் ஒட்டியபடி இருக்க வேண்டும், மூக்கு அமிழத் தொடங்கினால் பாய்க்கயிறுகளை உடனே இளக்க வேண்டும். காற்றே இல்லாத நாளில் இதற்கு நேர்மாறு. பின்புறத்தில் தண்ணீர் களக் களக் என்று சத்தம் போட்டால் நீங்கள் பின்னால் அதிகம் உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் நகர்ந்து அசையாமல் இருங்கள்.

கவிழ்வது தவறல்ல. கவிழ்ந்த பிறகு படகை விட்டு நீந்துவதுதான் தவறு. படகு மிதக்கும், தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும், உங்கள் தலை தெரியாது. பாய்க்கயிறுகளைக் கழற்றிவிட்டு, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, தூக்கும் கயிற்றில் இருவரும் சேர்ந்து சாய்ந்தால் நிமிரும், நிமிரும் கணத்தில் ஒருவர் கட்டாயம் படகைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். நம்முடைய மட்டக்களப்பு வாவியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஆழம் குறைவு. ஒருமுறை கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே கவிழ்ந்தபோது பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றுவிட்டது. நாங்கள் அது தெரியாமல் கயிற்றில் தொங்கித் தொங்கி இழுக்க, அலுமினிய மரம் மெல்ல வளைவதை என் கண்ணாலேயே பார்த்தேன். தோணியில் வந்த ஒருவர் "இழுக்காதீங்க பிள்ளை, நில்லுங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே நுனிப் பக்கம் போய், சேற்றிலிருந்து அதைக் கையால் தூக்கிவிட்டார். பிறகு படகு ஒரே இழுப்பில் நிமிர்ந்தது. இழுக்கும் முன் நுனி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

இதுவரை சொன்னவற்றில் தவறினால் நனைவீர்கள், கொஞ்சம் செலவாகும். கச்சான் காற்று அப்படி இல்லை, இதைக் கவனமாகப் படியுங்கள். மே தொடங்கிச் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வயலும் காடும் தாண்டிக் காய்ந்து வரும் அந்தக் காற்று, நம் கடற்கரையில் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. கல்லடியிலோ கல்குடாவிலோ நின்று பார்த்தால் கடல் தட்டையாக, கூப்பிடுகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் தென்னையும் வீடுகளும் காற்றை மறைக்கின்றன, அலை எழும்புவதற்கும் கரையோரத்தில் தூரம் போதாது. ஒரு சோடி அதைப் பார்த்துச் சந்தோஷமாக இறங்கும், காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் போவதே தெரியாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். அரைக் கிலோமீட்டர் தாண்டித் திரும்பலாம் என்று நினைக்கும்போதுதான் அதே காற்று முகத்தில் அடிக்கும், அலையும் எழுந்திருக்கும், இனி ஒவ்வொரு அடியையும் காற்றுக்கு எதிராகக் குறுக்கும் மறுக்குமாக ஓடித்தான் வாங்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கம்பி அறுந்தாலோ ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ, கிழக்கே நிக்கோபார் தீவுகள் வரை தரை கிடையாது.

அதனால் நாங்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். எங்கே போனாலும் முதல் பதினைந்து நிமிடம் காற்றுக்கு எதிராகவே ஓடுவது, அது முடியவில்லை என்றால் அன்றைக்குக் கரைதான். கச்சான் பலமான நாட்களில் கடலை விட்டுவிட்டு வாவியில்தான் ஓட்டுவோம். வாவியில் ஏதாவது பழுதானாலும் அதே காற்று காத்தான்குடிப் பக்கமோ ஆரையம்பதிப் பக்கமோ கொண்டுபோய் ஒதுக்கிவிடும். போகும் முன் போனில் காற்று பார்ப்பது நல்லதுதான், ஆனால் மீன்வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஐயா ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், மதியத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர் வானத்தைப் பார்த்துச் சொல்வார். மழைக்காலத்தில் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டியிருந்தால் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள், வாவித் தண்ணீர் அந்த வாயால் கடலுக்கு ஓடும். ஆற்றுவாழையும் மரக்கட்டைகளும் கூடவே வரும். முதலை இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்ததுதான், சதுப்புக் கரையோரங்களில் படகை ஒதுக்கி இறங்கி நடக்க வேண்டாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. தாலிக்கொடி, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். ட்ரபீஸ் கொக்கியில் கொடி மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் விடுங்கள். என் பின்னல் ஒருமுறை பெரிய பாயின் கயிறு ஓடும் கப்பியில் சுற்றிக்கொண்டது. கயிற்றில் காற்றின் முழு இழுப்பும் இருந்ததால் தலையைத் திருப்பவும் முடியாமல், "கயிற விடுங்க" என்று கத்தவும் வாய் வராமல், கன்னம் ட்ரம்போலினில் அழுந்தியபடி கிடந்தேன். அவர் பார்த்துவிட்டு ஓடி வந்து கயிற்றை இளக்கினார். உயிர்காப்பு அங்கி இல்லாமல் முழங்கால் தண்ணீரில்கூட ஓட்டக்கூடாது, இதில் பேச்சே இல்லை.

பாய்மரம் 8 மீட்டருக்கு மேல் உயரம். அதை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று இருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம் கரையோர ஒழுங்கைகளில் தென்னை ஓலைக்குள் கம்பி மறைந்து போகும். இதனால் உயிர்கள் போனதால்தான் ஹோபி படகுகளுக்கு மரத்தின் மேற்பகுதியை மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையில் செய்யத் தொடங்கினார்கள், ஆனால் பழைய படகுகள் பலவற்றில் நுனி வரை அலுமினியம்தான்.

வலைகளையும் மறக்காதீர்கள். வாவி முதலில் தொழில் செய்கிறவர்களுக்கு உரியது. மிதவை வரிசை தெரிந்தால் அதைக் கடக்காமல் சுற்றிப் போங்கள், வலையில் சுக்கான் சிக்கினால் கத்தியை எடுக்காதீர்கள், பாயை இறக்கி, சுக்கானைத் தூக்கி, கையால் விடுவியுங்கள். ஒருவருடைய இரண்டு நாள் உழைப்பு அது.

சரி, பந்தயம். நாலு படகும் இரண்டு மிதவையும் இருந்தால் பந்தயம் வைக்கலாம். தொடக்கத்துக்கு ஐந்து, நாலு, ஒன்று என்று நிமிடக் கொடிகள் ஏறி இறங்கும்போது சோடிகள் செய்யும் தவறு, இருவரும் ஒரே விஷயத்தைப் பார்ப்பது. ஒருவர் கடிகாரத்தையும் மற்றப் படகுகளையும் பார்க்க வேண்டும், மற்றவர் பாயையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். வலப்பக்கத்தில் காற்று வாங்கி வரும் படகுக்கு இடப்பக்கத்தில் வாங்கி வரும் படகு வழிவிட வேண்டும் என்ற ஒரு விதியையாவது தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காற்றுக்கு எதிராக ஓடும்போது மிதவையை நேராகப் பார்த்து மூக்கைத் திணிக்காதீர்கள், கட்டமரான் வேகத்தில்தான் வெல்லும், கொஞ்சம் விலகி வேகமாக ஓடுகிறவர் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்வார். கிறுகுவதில் நேரம் போவதால் குறைவாகக் கிறுகுங்கள். காற்றோடு போகும்போதும் நேர்கோடு வேண்டாம், சாய்வாக ஓடித் திரும்பித் திரும்பிப் போவதுதான் விரைவு.

ஆனால் சோடிகள் பந்தயத்தில் தோற்பது பெரும்பாலும் ஒரு மிதவையில் விட்ட பிழையை அடுத்த மிதவை வரை பேசிக்கொண்டு போவதால்தான். "நீ முந்தியே விட்டிருக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் சொல்ல, அதற்குள் காற்று மாறியது இருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் படகைக் கழுவி முடிக்கும் வரை ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, பாயைச் சுருட்டி, பிளேன்டீ ஊற்றிய பிறகு ஆளுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். முதலில் தன்னுடைய பிழையைச் சொல்ல வேண்டும். இதைத் தொடங்கிய பிறகு எங்கள் ஓட்டமும் மாறியது, ஞாயிற்றுக்கிழமைகளும் மாறின.

எல்லா நாளையும் பயிற்சி நாளாக்குவதும் தவறுதான். மாதத்தில் இரண்டு நாளாவது கடிகாரம் இல்லாமல், யாரையும் முந்தாமல், வாவியில் சும்மா ஓட்டுங்கள். அப்படிப்பட்ட நாளில் மறந்துவிடக்கூடாதது ஒரு துடுப்பு. பொழுது சாயும்போது காற்று சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும், துடுப்பு இல்லாமல் பல சோடிகள் கையால் தண்ணீர் தள்ளி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலுக்குப் பிறகு நிலவு நாளாக இருந்தால் எங்களுக்கு அந்தத் துடுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பாயை இறக்கிவிட்டு, டோர்ச்சைப் பாய்மரத்தில் கட்டி எரியவிட்டு, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் பிடியில் முதலில் நான் காது வைப்பேன், பிறகு அவர் வைப்பார். இந்த வாவியின் பாடும் மீன் எல்லா இரவும் பாடுவதில்லை. கேட்கிற அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் துடுப்பின் பிடியை என் பக்கம் நீட்டுவார்.