பூட்டிய டிரைவ் திறக்கவில்லையா? அவசரத்தில் இவற்றைச் செய்துவிடாதீர்கள்

லினக்ஸில் லக்ஸ் (LUKS) என்ற பூட்டும் முறையில் என்கிரிப்ட் செய்த ஹார்டு டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், 'பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி வரும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். விண்டோஸுக்கு லக்ஸைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். கேன்சல் கொடுத்துவிட்டு லினக்ஸில் மாட்டுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'இனிஷியலைஸ்' செய்யச் சொன்னாலும் இதே பதில்தான்.

அங்கே ஓகே கொடுப்பதைத்தான் இருப்பதிலேயே மோசமான தவறு என்பேன். சாதாரண டிஸ்க்கைத் தெரியாமல் குவிக் ஃபார்மேட் செய்துவிட்டால், மீட்பு மென்பொருளைக் கொண்டு பெரும்பாலான கோப்புகளை எடுத்துவிடலாம். இதில் அது நடக்காது. நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு தரவை நேரடியாகத் திறப்பதில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள ஹெடர் என்ற பகுதியில் பூட்டி வைத்திருக்கும் உண்மையான சாவியைத்தான் திறக்கிறது. அந்தச் சாவியை 4000 கூறுகளாகப் பரப்பி, ஒரு கூறு அழிந்தாலும் முழுச் சாவியும் பயனற்றுப் போகும்படியே லக்ஸை வடிவமைத்திருக்கிறார்கள். நீக்கிய சாவியை யாரும் மீட்டெடுக்க முடியாதபடி செய்வதற்கான ஏற்பாடு அது. ஆனால் சாவிப் பகுதியின் மேல் வேறு ஏதாவது எழுதப்பட்டுவிட்டால், சரியான பாஸ்வேர்டு கையில் இருந்தும் டிஸ்க் திறக்காது. ஹெடர் பேக்கப் இருந்தால் மட்டுமே வழி உண்டு.

எதிர்ப்பக்கம் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் சொந்த என்கிரிப்ஷன். அதே கணினியில் லினக்ஸையும் நிறுவியதும், அதுவரை ஒன்றும் கேட்காத விண்டோஸ் திடீரென 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும். பூட் ஆகும் வழி மாறியதை, பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் டிபிஎம் (TPM) என்ற சிப் கவனித்திருக்கிறது. உடனே பயாஸுக்குள் போய் டிபிஎம்மை 'கிளியர்' செய்துவிடாதீர்கள்; அப்புறம் ரிக்கவரி கீ இல்லாமல் திறக்கவே முடியாது. செக்யூர் பூட் அமைப்பைப் பழையபடி வைத்து, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் கொண்டுவந்து பாருங்கள். பல நேரங்களில் கீ கேட்காமலே திறந்துவிடும். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். அங்கே பல கீகள் இருக்கலாம். திரையில் தெரியும் கீ ஐடியோடு ஒத்துப்போவதை மட்டும் எடுங்கள்.

'நான் பிட்லாக்கரை ஆன் செய்யவே இல்லையே' என்பவர்கள் நிறைய. விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகியிருக்கலாம். அதனால் லினக்ஸை நிறுவும் முன்பே கீயைத் தாளில் எழுதி வையுங்கள், பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

விண்டோஸ் எழவே மாட்டேன் என்றாலும் தரவு போய்விடவில்லை. லினக்ஸில் என்கிரிப்ட் செய்த டிஸ்க்குகளைத் திறக்கும் கிரிப்ட்செட்டப் என்ற கருவியின் 2.3 பதிப்பிலிருந்து லினக்ஸே பிட்லாக்கரைத் திறக்கும். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ரிக்கவரி கீயை நடுவில் வரும் கோடுகளோடு கொடுங்கள். வாசிக்க மட்டும் மவுன்ட் செய்து, தேவையானதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுசாக அணைந்திருக்காது. அந்த நிலையில் எழுதும் அனுமதியோடு வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்தால் கோப்பு அமைப்பே குலையும்.

பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் கீபோர்டு லேஅவுட்டையும் சந்தேகப்படுங்கள். பூட் நேரத்தில் அமெரிக்க லேஅவுட் இருந்து, நீங்கள் பிரிட்டிஷ் லேஅவுட்டில் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறிவிடும். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டு பக்கமும் புழங்க வேண்டிய டிஸ்க் என்றால் வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ஷன் மென்பொருள் நல்லது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், ஹெடரின் நகல் ஒன்றை வால்யூமின் கடைசியிலேயே வைத்திருக்கும். லக்ஸில்தான் இருப்பீர்கள் என்றால் இன்றைக்கே ஹெடர் பேக்கப் எடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றினால் புதிதாக ஒன்று எடுத்துவிட்டு, பழைய பேக்கப்பை அழித்துவிடுங்கள். அது கையில் இருக்கும்வரை பழைய பாஸ்வேர்டும் அந்த டிஸ்க்கைத் திறக்கும்.