பெயின்ட்டுக்கு ஒதுக்கிய பணம் துருவுக்குப் போனது

என் 1967 எம்.ஜி.பி. காரைப் புதுப்பிக்க முதலில் போட்ட கணக்கில் பாதிப் பணம் பெயின்ட்டுக்கும் இருக்கைத் தோலுக்கும்தான். கண்ணில் பட்டதை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை ஒருநாள் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. உடலைத் தாங்குவதில் சில்லுக்குப் பெரும் பங்கு உண்டு. கூரை திறக்கும் வண்டியில் இன்னும் அதிகம். வெளித்தகட்டை மட்டும் மாற்றி மூடினால் உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும்.

பழைய கணக்கைக் கிழித்துப்போட்டேன். வண்டியை முழுவதும் பிரித்த பிறகே புதிதாக எழுதினேன்: முதலில் வெல்டிங், அடுத்து பிரேக், பிறகு என்ஜின். எதிர்பாராத செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைத் தனியே வைத்தேன். அதில் பெரும்பகுதி தரைத்தகட்டுக்கே போய்விட்டது. சில்லை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து இறுக்கிய செலவை நான் ஒருபோதும் குறைக்க மாட்டேன். அது இல்லையென்றால் உடல் தொய்ந்து, கதவு பொருந்தாமலே போகும்.

குரோம் பம்பர் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. அதற்கான பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் இருக்கிறது.