விமானியின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை படியாமலிருக்க

சீருடைச் சட்டையைத் துவைக்கும் முன் தோளில் மாட்டியிருக்கும், பதவியைக் காட்டும் சரிகைக் கோடுகள் கொண்ட பட்டிகளைக் கழற்றிவிட்டு, காலரிலும் அக்குளிலும் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து தடவி, அரை மணி நேரம் ஊறவையுங்கள். மீனம்பாக்கத்தில் வண்டியிலிருந்து இறங்கி முனையத்துக்குள் நுழைவதற்குள் முதுகை நனைத்துவிடும் சென்னைப் புழுக்கத்தில், டியோடரன்ட்டில் சேர்க்கப்படும் அலுமினிய உப்பு வியர்வையோடு கலந்துதான் பெரும்பாலும் அந்த மஞ்சள் கறையை உண்டாக்குகிறது. வினிகரின் அமிலம் அதை இளக்கிவிடும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம்: அது வியர்வைக் கறையை மேலும் மஞ்சளாக்குவதோடு, வினிகருடன் சேர்ந்தால் நச்சு வாயுவையும் வெளிவிடும். தோள்பட்டியில் இருப்பவை கேப்டனின் 4 கோடுகளானாலும் துணை விமானியின் 3 கோடுகளானாலும், சரிகை கருக்காதிருக்க உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும். இஸ்திரிச் சூட்டில் இறுகிப்போன பழைய கறை வினிகரால் முழுதாகப் போகாது. சட்டைக்கு மேல் அணியும் கோட்டுக்கும் இம்முறை பொருந்தாது. அதை டிரை கிளீனிங்குக்கே கொடுக்க வேண்டும்.