சாரதி வராத பஸ்: ஜாவாவில் டிரைவர் பிழையைத் தீர்ப்பது

கல்லடியில் என்னிடம் ஜாவா பழக வரும் தம்பி ஒருவன், தன் மாமாவின் அரிசி ஆலைக்காக நெல் மூடைக் கணக்கு நிரல் ஒன்றை எழுதினான். தொகுத்தபோது (கம்பைல் செய்தபோது) ஒரு குறையும் இல்லை. இயக்கியதும் 'நோ சூட்டபிள் டிரைவர் ஃபவுண்ட்' (பொருத்தமான டிரைவர் கிடைக்கவில்லை) என்றது திரை. "தொகுக்கும்போது சரியாக இருந்ததே, அண்ணா?" என்றான்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸின் நேரத்தைப் பார்த்துவிட்டு நிற்கிறோம். சாரதி வந்தாரா என்பது புறப்படும்போதுதான் தெரியும். இங்கும் அதே கதைதான். தரவுத்தளத்தோடு பேசுவதற்கான இடைமுகங்கள் ஜாவாவுடனேயே வருகின்றன. தொகுப்பிக்கு அவை போதும். தம்பி பயன்படுத்திய தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். ஜாவாவை அதனுடன் இணைக்கும் டிரைவரோ தனி ஜார் கோப்பு, அதாவது ஜாவா நிரல்களைக் கட்டிவைத்த பொதி. நிரல் ஓடும்போதுதான் ஜாவா அதைத் தேடும்.

முதலில், மைஎஸ்கியூஎல் தளத்தில் 'கனெக்டர் ஜே' என்பதைத் தேடி, 'பிளாட்ஃபார்ம் இன்டிபென்டன்ட்' வகையைத் தரவிறக்குங்கள். சுருக்கக் கோப்பை விரித்தால் உள்ளே ஜார் கோப்பு இருக்கும். அதை உங்கள் நிரல் உள்ள கோப்புறைக்குள் போடுங்கள்.

போட்டால் மட்டும் போதாது. பலர் இந்த இடத்தில்தான் மணிக்கணக்காக மாட்டிக்கொள்கிறார்கள். கோப்பு அருகிலேயே கிடந்தாலும், சொல்லாவிட்டால் ஜாவா திரும்பிப் பார்க்காது. எங்கே தேட வேண்டும் என்று ஜாவாவுக்குச் சொல்வதுதான் '-சிபி'. கட்டளை இப்படி அமையும் (ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுங்கள்):

ஜாவா -சிபி ".;கனெக்டர்.ஜார்" நெல்கணக்கு

'கனெக்டர்' என்ற இடத்தில் உங்கள் கோப்பின் முழுப்பெயர் வர வேண்டும். தொடக்கத்திலுள்ள புள்ளி உங்கள் கோப்புறையைக் குறிக்கிறது. அதை விட்டால் உங்கள் நிரலையே காணவில்லை என்று ஜாவா சொல்லும். இடங்களைப் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி (;), லினக்ஸில் முக்காற்புள்ளி (:). நிரலை '-ஜார்' கட்டளையால் இயக்கினால் '-சிபி' கணக்கில் எடுக்கப்படாது.

இன்னும் அதே பிழையா? இணைப்பு முகவரி 'ஜேடிபிசி:மைஎஸ்கியூஎல்://' என்று தொடங்குகிறதா என எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தம்பி ஒரு முக்காற்புள்ளியை விழுங்கியிருந்தான்.

'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்றும் 'கிளாஸ்.ஃபார்நேம்' வரி நிரலில் இருக்கக்கூடும். 2006இல் வந்த ஜாவா 6 முதல் டிரைவர் தானாகவே ஏற்றப்படுவதால் பொதுவாக அந்த வரி தேவையில்லை. பழைய பாடக்குறிப்புகள்தான் அதை இன்னும் சுமந்து திரிகின்றன. ஆனால் வரியை நீக்கினாலும் ஜார் கோப்பு இருந்தே ஆக வேண்டும்.

கடைசியில் தம்பிக்கு 'கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்' (தொடர்பு கிடைக்கவில்லை) என்று புதுப் பிழை வந்தது. முகம் வாடிவிட்டது, எனக்கோ சிரிப்பு. டிரைவர் கிடைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மைஎஸ்கியூஎல் சேவையை அவன் இயக்கியிருக்கவே இல்லை.